ஆறாவது டைவில் ஹவுசிங்குக்குள் புகுந்த தண்ணீர்: ஒரு நிகழ்வு ஆய்வு

நான்கு நாளில் எட்டு டைவ் என்று திட்டமிட்ட பயணம் அது. மூன்றாம் நாள், ஆறாவது டைவின் கடைசி நிமிடங்களில் என் காம்பாக்ட் கேமராவின் ஹவுசிங்குக்குள், அதாவது நீர்புகா உறைக்குள், கடல்நீர் புகுந்தது. உள்ளே வந்த நீர் ஒரு தேக்கரண்டி அளவுதான். கேமரா போய்விட்டது, மெமரி கார்டு தப்பித்தது.

படகில் இருந்த அனுபவசாலிகள் எல்லோரும் ஒரே காரணத்தைத்தான் சொன்னார்கள். "ஓ-ரிங் பழசாகியிருக்கும், மாத்திடுங்க." ஓ-ரிங் என்பது கதவின் இடுக்கில் நீர் புகாமல் தடுக்கும் ரப்பர் வளையம். நானும் அன்று அதை நம்பினேன். மாலையில் அறைக்கு வந்து ஓ-ரிங்கைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது அதில் வெட்டு இல்லை, அது தட்டையாகவும் இல்லை, ஒரு முடிகூட ஒட்டியிருக்கவில்லை. குறையே தெரியாத ஒரு பொருளை மாற்றிவிட்டு அதே ஹவுசிங்கை மறுபடி கடலுக்குக் கொண்டுபோக எனக்கு மனம் வரவில்லை. நீர் எந்த இடத்தில் நுழைந்தது என்று உறுதியாகத் தெரியும்வரை விடுவதில்லை என்று முடிவுசெய்தேன்.

அப்படித் தேடியதில் நீர் நுழைந்த இடம் கிடைத்தது. அதோடு, மூன்றாம் நாள் நடந்த விபத்துக்கு முதல் நாளே எப்படி வழி பிறந்தது என்பதும் தெரிந்தது. எனக்கு அதிகம் கற்றுத்தந்தது இந்த இரண்டாவது விஷயம்தான். காம்பாக்ட் கேமராவோடு கடலுக்குள் இறங்கும் எவருக்கும் பயன்படும் என்பதால் முழுவதையும் எழுதுகிறேன்.

கையில் இருந்தவை

கேமரா 1 அங்குல சென்சார் கொண்ட காம்பாக்ட்; அதன் லென்ஸின் குவியத்தூரம் 24 மி.மீ. என்ற அகலக் கோணத்தில் தொடங்கும். ஹவுசிங் ஒளி ஊடுருவும் பாலிகார்பனேட்டால் ஆனது, 40 மீட்டர் ஆழம் வரைக்கும் உரியது. பின்பக்கம் ஒரு கதவு. அதற்கு இடப்பக்கம் கீல், வலப்பக்கம் பூட்டு, சுற்றிலும் ஒரே ஒரு ஓ-ரிங். அடிப்பகுதியில் ஈரம் பட்டால் சிவப்பு விளக்கெரிந்து சத்தம் போடும் லீக் அலாரம் இருந்தது. கூடவே ஒரு ஸ்ட்ரோபும் (நீருக்குள் பயன்படும் வெளி ஃபிளாஷ்) ஒரு வீடியோ லைட்டும் கொண்டுபோயிருந்தேன்.

ஹவுசிங்கின் முன்கண்ணாடி தட்டையானது. நீரின் ஒளிவிலகல் எண் 1.33 என்பதால், தட்டைக் கண்ணாடி வழியே பார்க்கும் எதுவும் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும். 24 மி.மீ. லென்ஸ் நீருக்குள் கிட்டத்தட்ட 32 மி.மீ. லென்ஸாகிவிடும், சட்டத்துக்குள் அடங்கும் காட்சி குறுகிவிடும். ஒரு பவளத்திட்டை முழுதாகச் சட்டத்துக்குள் கொண்டுவர வேண்டுமென்றால் பின்னால் நகர்ந்தாக வேண்டும். கடலுக்குள் பின்னால் நகர்வது எவ்வளவு பெரிய இழப்பு என்று எனக்கு அப்போது தெரியாது.

முதல் நாள்: நீலப் படங்கள்

முதல் டைவில் ஸ்ட்ரோபைப் பொருத்தி, லென்ஸுக்குப் பக்கத்திலேயே நேராக முன்னோக்கி வைத்திருந்தேன். எல்லாப் படத்திலும் வெள்ளைப் புள்ளிகள் நிறைந்திருந்தன. நீரில் மிதக்கும் மணல்துகளும் நுண்ணுயிர்களும் லென்ஸின் முன்னாலேயே வெளிச்சம் பட்டு மின்னுவதால் வருவது இது, பேக்ஸ்கேட்டர் என்பார்கள். ஸ்ட்ரோபை ஒரு நீட்டுக்கம்பியில் பொருத்தி கேமராவை விட்டுத் தள்ளி வைத்து, அதன் முகத்தைக் கொஞ்சம் வெளிப்பக்கம் திருப்பி, ஒளிக்கற்றையின் விளிம்பு மட்டும் பொருளின் மேல் விழும்படி செய்தால் பெரும்பகுதி மறைந்துவிடும். லென்ஸுக்கும் பொருளுக்கும் நடுவில் உள்ள நீரில் வெளிச்சம் படக்கூடாது, அவ்வளவுதான். இது தெரியாமல், ஸ்ட்ரோப் எனக்கு ஒத்துவராது என்று நினைத்து அடுத்த டைவுக்கு அதைப் பையிலேயே விட்டுவிட்டேன்.

இரண்டாம் டைவில் சூரிய வெளிச்சத்தை மட்டும் நம்பி எடுத்தேன். ஒயிட் பேலன்ஸ் (வெளிச்சத்துக்கேற்ப நிறத்தைச் சரிசெய்யும் அமைப்பு) ஆட்டோவில், கோப்பு ஜேபெக்கில். வெளிவந்தவை பச்சை கலந்த நீலப் படங்கள். சிவப்பு ஸ்பாஞ்சு சாம்பலாகவும், ஆரஞ்சு மீன் அழுக்குப் பழுப்பாகவும் பதிவாகியிருந்தன.

நீர் முதலில் சிவப்பைத்தான் உறிஞ்சும். முதல் 5 மீட்டரிலேயே சிவப்பின் பெரும்பகுதி போய்விடும், அப்புறம் ஆரஞ்சு, அதற்கடுத்து மஞ்சள். இது பலருக்கும் தெரிந்ததுதான். ஆனால் இதில் கணக்கெடுக்க வேண்டியது ஆழத்தை மட்டுமல்ல, ஒளி நீருக்குள் கடந்துவரும் மொத்தத் தூரத்தை. 12 மீட்டர் ஆழத்தில் இருக்கும் பவளத்தை 2 மீட்டர் தள்ளி நின்று எடுத்தால், அந்த ஒளி 14 மீட்டர் நீரைத் தாண்டி லென்ஸுக்கு வருகிறது. ஸ்ட்ரோப் வெளிச்சத்துக்கும் இதே கணக்குதான். 1 மீட்டரில் இருக்கும் மீனுக்குப் போய்த் திரும்பி வர 2 மீட்டர். தூரம் அரை மீட்டரானால் பாதை 1 மீட்டர்தான், நிறமும் மிஞ்சும். தட்டைக் கண்ணாடியால் பின்னால் நகர்ந்து நகர்ந்து எடுத்த நான், ஒவ்வொரு அடியிலும் நிறத்தைத் தொலைத்துக்கொண்டிருந்தேன்.

ஸ்ட்ரோப் இல்லாமலும் வழி இருந்தது. கேமராவில் ஒயிட் பேலன்ஸைக் கையால் அமைக்கலாம். வெள்ளைப் பலகை அல்லது வெளிர் மணலைச் சட்டத்தில் நிரப்பி அளவெடுத்துவிட்டால் கேமரா அந்த ஆழத்துக்கான நிறத்தைப் புரிந்துகொள்ளும். ஆழம் 3, 4 மீட்டர் மாறும்போதெல்லாம் மறுபடி அளவெடுக்க வேண்டும். கூடவே, சென்சார் பதிந்ததை அப்படியே சேமிக்கும் ரா கோப்பில் எடுத்தால் பிறகு கணினியில் சரிசெய்ய இடம் இருக்கும். இரண்டையுமே நான் செய்யவில்லை.

இரண்டாம் நாள்: வீடியோ

இரண்டாம் நாள் காலை வீடியோ லைட்டைப் பொருத்திக்கொண்டு இறங்கினேன். ஒரு விசிறிப் பவளத்துக்கு 40 சென்டிமீட்டர் அருகில் போய் விளக்கைப் போட்டதும் திரையில் சிவப்பு பொங்கி வந்தது. அந்தக் கணத்தின் சந்தோஷம் இன்னும் நினைவிருக்கிறது. முந்தைய நாள் முழுக்கக் காணாமல் போயிருந்த நிறம் கண்ணெதிரே திரும்பி வந்தது. ஒளிப்படம் எனக்கு வரவில்லை, வீடியோ வருகிறது என்று தீர்மானித்து, அன்று முழுக்க வீடியோவே எடுத்தேன். உண்மையில் வேலை செய்தது வீடியோ அல்ல, அருகில் போனதும் விளக்கும்தான். அதைப் பிரித்துப் பார்க்க அன்று தோன்றவில்லை.

வீடியோ எடுக்கும்போது சென்சாரும் திரையும் செயலியும் விடாமல் ஓடும். காம்பாக்ட் கேமராவின் பேட்டரி சிறியது. ஒளிப்படமாக எடுத்தால் இரண்டு டைவ் தாங்கியிருக்கக்கூடியது, வீடியோவில் ஒரே டைவில் தீர்ந்துவிட்டது. கேமராவும் சூடானது. மூடிய ஹவுசிங்குக்குள் அந்தச் சூடு சட்டென்று வெளியேறாது. ஆக, இரண்டு டைவுக்கு நடுவில், படகின் மேல்தளத்தில் உட்கார்ந்து ஹவுசிங்கைத் திறந்து பேட்டரி மாற்ற வேண்டியதாயிற்று.

நான்காவது டைவில் இறங்கிப் பத்தே நிமிடத்தில் முன்கண்ணாடியின் உட்புறம் ஆவி படிந்து மங்கிவிட்டது. நடுவில் வட்டமாக வெண்மை. அதன் பிறகு எடுத்தது எதுவும் தேறவில்லை.

இங்கே கொஞ்சம் நின்று கணக்குப் பார்க்க வேண்டும், ஏனென்றால் விபத்து இதிலிருந்துதான் பிறந்தது. படகில் காற்றின் வெப்பம் சுமார் 30 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். அந்தக் காற்று ஏறக்குறைய 26 டிகிரிக்குக் கீழே குளிர்ந்தால் பனியாகப் படிய ஆரம்பித்துவிடும். ஆழத்தில் நீர் 25 டிகிரி இருந்தால், அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் கண்ணாடியும் 25 டிகிரிதான். அதாவது ஹவுசிங்கை மூடிய நொடியிலேயே மங்கல் உறுதியாகிவிட்டது. கேமரா சூடாக இருப்பது இதை இன்னும் மோசமாக்கும். உள்ளே ஒட்டியிருக்கும் ஈரத்தையெல்லாம் கிளப்பி, குளிர்ந்த கண்ணாடியில் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

மாறாக, ஏசி அறையில் 24 டிகிரி, 50 சதவீத ஈரப்பதத்தில் மூடினால் அந்தக் காற்று 13 டிகிரி வரை குளிர்ந்தாலும் பனி படியாது. வெப்பக்கடலில் அவ்வளவு குளிர் வராது. ஆகவே காலையில் அறையிலேயே மூடிவிட்டுப் பகல் முழுக்கத் திறக்காமல் இருந்திருந்தால் மங்கல் என்ற பிரச்சினையே இல்லை. திறந்தே ஆக வேண்டிய கட்டாயத்தை உண்டாக்கியது வீடியோ.

இன்னொரு எண்ணும் இருக்கிறது. ஹவுசிங்குக்குள் காலியிடம் 300 மில்லி என்றால், அந்த ஈரக்காற்றில் இருக்கும் நீராவி மொத்தமே 7 மில்லிகிராம்தான். ஒரு சொட்டு நீரில் ஏழில் ஒரு பங்கு. அவ்வளவு சிறிய அளவுதான் ஒரு டைவின் படங்கள் அத்தனையையும் கெடுத்தது. 1 கிராம் சிலிகா ஜெல் தன் எடையில் சுமார் மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உறிஞ்சக்கூடியது, அதாவது 300 மில்லிகிராம். தேவைக்கு நாற்பது மடங்கு. ஒரு சிறிய பாக்கெட்டே தாராளம். இந்தக் கணக்கை நான் போட்டுப் பார்த்தது விபத்துக்குப் பிறகு.

மூன்றாம் நாள்: பாக்கெட்டுகள்

ஐந்தாவது டைவுக்குக் காலையில் அறையிலேயே ஒரு சிலிகா ஜெல் பாக்கெட்டைக் கேமராவுக்குக் கீழே வைத்து மூடினேன். கண்ணாடி தெளிவாகவே இருந்தது. டைவ் முடிந்து மேலே வந்து, பேட்டரி மாற்ற மறுபடி படகில் திறந்தேன். திறந்தபடி பத்து நிமிடம் இருந்திருக்கும். ஈரக்காற்றில் கிடந்த பாக்கெட் இனி வேலை செய்யுமா என்று சந்தேகம் வந்தது. பையிலிருந்து புதிதாக ஒன்றை எடுத்து, கேமராவின் இடப்பக்கம், கீல் ஓரமாகச் செருகினேன். படகு ஆடிக்கொண்டிருந்தது. அடுத்த இறக்கத்துக்கு ஐந்து நிமிடம் என்று அழைப்பு வந்துவிட்டது. ஓ-ரிங்கை விரலால் ஒரு சுற்றுத் தடவிப் பார்த்தேன், கதவை மூடினேன், பூட்டினேன்.

ஒளி ஊடுருவும் ஹவுசிங்கில் ஒரு நல்ல வசதி உண்டு. கதவை மூடியதும் ஓ-ரிங் கதவில் அழுந்துமிடம் கறுத்த கோடாகத் தெரியும். அந்தக் கோடு எங்கும் அறுபடாமல் இருந்தால் நன்றாகப் பதிந்திருக்கிறது என்று பொருள். நானும் பார்த்தேன். வலப்பக்கம், மேல், கீழ் மூன்றும் சரியாக இருந்தன. இடப்பக்கத்தைக் கீலின் பட்டை மறைத்திருந்தது. அதைத் திருப்பிச் சாய்த்துப் பார்க்கவில்லை.

டைவ் 18 மீட்டர் வரை போனது. எல்லாம் ஒழுங்காக நடந்தது, கண்ணாடியும் மங்கவில்லை. 47-ஆவது நிமிடத்தில், 5 மீட்டரில் பாதுகாப்பு நிறுத்தத்தில் (உடலில் சேர்ந்த நைட்ரஜன் வெளியேற, மேலேறும் வழியில் காத்திருப்பது) இருந்தபோது அலாரம் கத்தியது. கீழ் மூலையில் நீர் அசைவது தெரிந்தது.

அந்த நேரத்தில் செய்தவற்றில் எதற்கும் எனக்கு வருத்தமில்லை. முதல் வேலையாகக் கேமராவை அணைத்தேன். ஹவுசிங்கை முன்கண்ணாடி கீழே பார்க்கும்படி திருப்பிப் பிடித்தேன். நீர் கண்ணாடிப் பக்கம் தேங்கினால் பின்னால் இருக்கும் மின்பாகங்களுக்குப் போவது கொஞ்சமாவது தாமதமாகும். கூட வந்தவருக்குச் சைகை காட்டினேன். 3 நிமிட நிறுத்தத்தை முழுதாக முடித்துவிட்டு, மெதுவாக மேலேறினேன். கேமராவுக்காக நிறுத்தத்தைத் தவிர்ப்பதோ வேகமாக ஏறுவதோ கூடவே கூடாது. நீர் புகும் ஹவுசிங்கைக் கையில் வைத்துக்கொண்டு 5 மீட்டரில் காத்திருப்பது மிக நீளமான 3 நிமிடம்தான். ஆனாலும் அங்கே வேறு முடிவுக்கு இடமில்லை.

படகில் வெளிப்புறத்தைத் துடைத்து, பூட்டைத் திறந்து, பேட்டரியையும் கார்டையும் உடனே எடுத்தேன். கடல்நீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். பேட்டரி உள்ளே இருந்தால் சில நிமிடங்களிலேயே முனைகளில் அரிப்பு தொடங்கிவிடும். பேட்டரி முனைகளில் அதற்குள் வெண்படலம் வந்திருந்தது. உப்பில் நனைந்த லித்தியம் பேட்டரியைப் பைக்குள் போடக்கூடாது, அது பிறகும் சூடேறலாம். எரியக்கூடிய எதுவும் பக்கத்தில் இல்லாத இடத்தில் தனியாக வைத்தேன். கார்டை நன்னீரில் அலசி உலர்த்தியதும் படங்கள் அத்தனையும் கிடைத்தன. கேமராவை நன்னீரில் முக்கி உப்பைப் போக்கி நான்கு நாள் உலரவைத்தும் பலனில்லை.

எங்கே நுழைந்தது

அன்று மாலை எதையும் துடைப்பதற்கு முன் ஹவுசிங்கின் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படமெடுத்து வைத்தேன். பிறகு எல்லாவற்றையும் கழுவிவிட்டேன். அந்தப் படங்கள்தான் பின்னால் உதவின. இப்படி ஒரு விபத்து நேர்ந்தவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்: கழுவுவதற்கு முன் படமெடுங்கள்.

சந்தேகப்பட வேண்டிய இடங்கள் மூன்று. ஒன்று, கதவின் ஓ-ரிங். இரண்டு, பொத்தான்களின் தண்டுகள்; ஒவ்வொரு பொத்தானுக்குள்ளும் ஒரு குட்டி ஓ-ரிங் இருக்கிறது, உப்பு இறுகினால் அது கசியும். மூன்று, உடலிலோ கண்ணாடி விளிம்பிலோ விரிசல்.

முதல் சோதனையாக, அதே பழைய ஓ-ரிங்கை மாற்றாமல், ஹவுசிங்குக்குள் நான்கு பக்கமும் டிஷ்யூ காகிதம் ஒட்டி, காலியாக மூடி, ஒரு பக்கெட் நீரில் ஒரு மணி நேரம் அமுக்கி வைத்தேன். காலி ஹவுசிங் மிதக்கும், அதனால் மேலே எடை வைக்க வேண்டும். காகிதம் முழுக்க உலர்ந்தே இருந்தது.

பக்கெட் சோதனை மட்டும் போதாது. நிறைய பேர் ஆழத்தில்தான் கசியும் என்று நினைப்பார்கள். கதவின் ஓ-ரிங்கைப் பொறுத்தவரை நிலைமை பெரும்பாலும் நேர்மாறு. ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. 10 சென்டிமீட்டருக்கு 7 சென்டிமீட்டர் இருக்கும் ஒரு கதவின் மேல் 18 மீட்டரில் சுமார் 130 கிலோ எடை அழுத்தும். அது கதவை ஓ-ரிங்கோடு இன்னும் இறுக்கிவிடும். 1 மீட்டரில் அதே கதவின் மேல் 7 கிலோதான். மேலோட்டமான நீரில் பூட்டின் இறுக்கம் மட்டுமே காவல். ஆனால் பொத்தான் தண்டும் விரிசலும் அப்படியல்ல, அவை ஆழத்தில்தான் சோதிக்கப்பட வேண்டும். சில மாதம் கழித்து ஒரு டைவில் அதே காலி ஹவுசிங்கை எடை கட்டி 20 மீட்டருக்குக் கொண்டுபோனேன். ஒவ்வொரு பொத்தானையும் இருபது தடவை அழுத்தினேன். மேலே வந்து திறந்தபோதும் காகிதம் உலர்ந்தே இருந்தது.

ஆக ஓ-ரிங், தண்டுகள், உடல் மூன்றுமே நல்ல நிலையில்தான் இருந்தன. அன்று உள்ளே இருந்து, சோதனையின்போது இல்லாமல் போனவை கேமராவும் பாக்கெட்டுகளும் மட்டும். மறுபடி அந்தப் போன் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கதவின் இடப்பக்க விளிம்பில் கிரீஸ் படலத்தின் மேல் 6 மி.மீ. அகலத்துக்கு ஒரு சொரசொரப்பான தடம். இரண்டாவது பாக்கெட்டின் படத்தில் அதன் ஒட்டிய ஓரத்தில், அதே அகலத்தில் நேரான மடிப்புக்கோடு. மூடும்போது பாக்கெட்டின் ஓரம் சரிந்து, ஓ-ரிங்குக்கும் கதவுக்கும் நடுவில் சிக்கியிருக்கிறது. கீல் மறைத்த அதே பக்கத்தில்.

உறுதிசெய்ய மூன்றாவது சோதனை. அதே வகைப் பாக்கெட்டின் ஓரத்தை வேண்டுமென்றே அங்கே சிக்கவைத்து மூடி பக்கெட்டில் போட்டேன். 12 நிமிடத்தில் பாக்கெட்டின் உள்முனை நனைந்துவிட்டது. ஈரம் குடித்தால் நிறம் மாறும் ஆரஞ்சு ஜெல் மணிகள் பச்சையாகத் தொடங்கின. ஆனால் சுற்றியிருந்த டிஷ்யூ காகிதம் 40 நிமிடம் வரை நனையவில்லை.

இந்த 40 நிமிடம்தான் அலாரம் ஏன் அவ்வளவு தாமதமாக அடித்தது என்பதற்கு விடை. பாக்கெட்டின் தாள் திரிபோல நீரை இழுத்தது, இழுத்த நீரை உள்ளே இருந்த ஜெல்லும் தாளும் குடித்துக்கொண்டே இருந்தன. அதுவரை நீர் அடிப்பகுதிக்கு வழிந்து அலாரத்தைத் தொடவே இல்லை. ஆழத்தில் கதவு இறுகியபோது கசிவு குறைந்திருக்கும், 5 மீட்டருக்குத் திரும்பியதும் மறுபடி கூடியிருக்கும் என்பது என் ஊகம். அதற்குள் பாக்கெட்டுக்கும் இனி குடிக்க இடமில்லை. கசிவை உண்டாக்கிய பொருளே அதை மறைத்தும் வைத்திருந்தது. பாக்கெட் இல்லாமல் ஒரு முடி சிக்கியிருந்தால்கூட முதல் சில நிமிடங்களில் அலாரம் அடித்திருக்கக்கூடும், கேமராவையும் காப்பாற்றியிருக்கலாம்.

பின்னோக்கிப் பார்த்தால்

பாக்கெட்டை வைத்தது மங்கலுக்காக. மங்கல் வந்தது படகில் திறந்ததால். திறந்தது பேட்டரி தீர்ந்ததால். பேட்டரி தீர்ந்தது வீடியோவால். வீடியோவுக்குப் போனது, ஒளிப்படத்தில் நிறம் வரவைக்கத் தெரியாததால். முதல் நாள் ஸ்ட்ரோபைப் பையில் போட்டதற்கும் மூன்றாம் நாள் கேமரா நனைந்ததற்கும் நடுவில் நான் செய்த ஒவ்வொரு திருத்தமும் தனியாகப் பார்த்தால் நியாயமானது. ஒவ்வொன்றும் முந்தையதன் அறிகுறியைத்தான் சரிசெய்தது.

அதனால் நான் மாற்றியது ஓ-ரிங்கிலிருந்து தொடங்கவில்லை, வெளிச்சத்திலிருந்து தொடங்கியது. ஸ்ட்ரோபை ஒரு நீட்டுக்கம்பியில் பொருத்தி, கேமராவை விட்டுத் தள்ளி, வெளிப்பக்கம் திருப்பி வைக்கப் பழகினேன். ஃபைபர் ஆப்டிக் கேபிள் வழியே ஸ்ட்ரோபைத் தூண்டுவது கேமராவின் சொந்த ஃபிளாஷ்தான். அதை முழு வலுவில் விட்டால் பேட்டரியையும் தின்னும், அடுத்த படத்துக்குச் சில நொடி காக்கவும் வைக்கும். மேனுவலில் மிகக் குறைந்த அளவில் வைத்தாலே தூண்டுவதற்குப் போதும். இந்த ஒரு மாற்றத்தில் பேட்டரி இரண்டு டைவைத் தாண்டியது.

காம்பாக்ட் கேமராவுக்கு இதில் ஒரு சிறப்பு உண்டு. லென்ஸுக்குள்ளேயே ஷட்டர் இருக்கும் வகை என்பதால் ஷட்டர் வேகம் 1/1000 நொடியில்கூட ஃபிளாஷ் முழுச் சட்டத்துக்கும் விழும். பின்னணி நீலத்தை வேண்டிய அளவு ஆழமாக்கிக்கொண்டு, முன்னால் உள்ள பவளத்துக்கு மட்டும் ஸ்ட்ரோப் வெளிச்சம் தரலாம். பெரிய கேமராக்கள் பெரும்பாலானவற்றில் 1/250-க்கு மேல் இது சுலபமில்லை. இவ்வளவு நல்ல வசதியைப் பையில் பூட்டி வைத்திருந்தேன் என்பதில்தான் எனக்கு அதிக வருத்தம்.

அடுத்து, வெளியிலிருந்து பொருத்தும் வைட் வெட்-லென்ஸ் ஒன்று. நீருக்குள்ளேயே கழற்றி மாட்டலாம். மாட்டியதும் கண்ணாடிக்கு நடுவில் சிக்கும் காற்றுக்குமிழியை வெளியேற்ற வேண்டும், அவ்வளவே. தட்டைக் கண்ணாடியால் போன அகலம் திரும்பி வந்ததும் அரை மீட்டருக்குள் போய் எடுக்க முடிந்தது.

ஹவுசிங்கும் இப்போது வேறு. பழையதில் வாக்யூம் வால்வு பொருத்த இடமில்லை. புதியதில் கையால் இயக்கும் சிறு பம்பை வைத்து உள்ளே இருக்கும் காற்றைக் கொஞ்சம் உறிஞ்சினால் பச்சை விளக்கு எரியும். அரை மணி நேரம் கழித்தும் பச்சையாகவே இருந்தால் கசிவில்லை. பாக்கெட்டோ முடியோ சிக்கியிருந்தால் மேசையிலேயே தெரிந்துவிடும். வெளிக்காற்றின் அழுத்தம் கதவை முதலிலிருந்தே இறுக்கிப் பிடிப்பதால் மேலோட்டமான நீரின் ஆபத்தும் குறைகிறது. இந்த ஆய்விலிருந்து ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதென்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள் என்பேன். ஹவுசிங் இல்லாமலேயே 15 மீட்டர் தாங்கும் ஒலிம்பஸ் டிஜி-6 போன்ற கேமராவை ஹவுசிங்குக்குள் வைப்பதும் நல்ல யோசனை. அந்த ஆழத்துக்குள் கசிந்தால் நனைவது கேமராவின் வெளிப்புறம் மட்டும்தான். சென்சார் சிறியது என்பது அதற்குக் கொடுக்கும் விலை.

ஓ-ரிங் பராமரிப்பில் பெரிய மாற்றம் ஏதுமில்லை. கிரீஸ் நீரைத் தடுப்பதற்காக அல்ல, ரிங் வழுக்கி நன்றாகப் பதிவதற்காக; பளபளப்பு வரும் அளவு போதும், அதிகமானால் அதுவே மணலையும் முடியையும் ஒட்டவைக்கும். ரிங்கின் பொருளுக்கு ஏற்ற கிரீஸாக இருக்க வேண்டும். விமானத்தில் போகும்போது ரிங்கைக் கழற்றிவிடுவேன், இல்லாவிட்டால் உள்ளே அடைபட்ட காற்றுக்கும் வெளியே உள்ளதற்கும் அழுத்தம் வேறுபட்டு ஹவுசிங் திணறும். டைவ் முடிந்ததும் நன்னீரில் ஊறவைத்து எல்லாப் பொத்தானையும் அழுத்திவிடுவேன். உப்பு இறுகிய பிறகு கழுவிப் பயனில்லை.

சிலிகா ஜெல்லை நான் ஒதுக்கிவிடவில்லை. ஒரே ஒரு பாக்கெட், கேமராவின் அடியில், மெல்லிய இரட்டைப்பக்க டேப்பால் ஒட்டப்பட்டு, நான்கு ஓரமும் கண்ணுக்குத் தெரியும்படி. திறந்து மூடிய பாக்கெட்டை அன்றைக்கு மறுபடி பயன்படுத்துவதில்லை. ஹவுசிங்கை முதல் நாள் இரவே அறையில் மூடி வாக்யூம் போட்டு வைத்துவிட்டால் காலையில் விளக்கைப் பார்ப்பது மட்டும்தான் வேலை.

வீடியோ எடுக்க இன்றும் ஆசைதான். அதற்கென்று ஒரு டைவை, பெரும்பாலும் அன்றைய கடைசி டைவை, ஒதுக்கிவிடுகிறேன். அதற்கு முந்தைய டைவ்களில் ஒளிப்படம் மட்டும். மூன்று டைவ் இருக்கும் நாளில் பேட்டரி தாங்காது என்று தெரிந்தால், நடுவில் படகில் திறப்பதில்லை. கரைக்குத் திரும்பி அறையில் திறக்க வாய்ப்பிருந்தால் திறப்பேன், அப்போதும் குளிர்ந்த கேமராவை ஈரக்காற்றில் காட்டாமல். வாய்ப்பில்லை என்றால் மூன்றாவது டைவுக்குக் கேமரா இல்லாமல் இறங்கிவிடுகிறேன்.